தண்ணி வரும் நேரம்

கண்ணு, சில நாடுகளில் பெண்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறார்களே, நம் பக்கம் ஏன் குறைவு என்று உன் பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம். நான் பத்தாவதோடு நின்றவன். உலகம் தெரியாது. உன் அம்மாவுக்கு வேலை போன கதை தெரியும். உனக்கும் தம்பிக்கும் அதை எழுதி வைக்கிறேன்.

அதியமான்கோட்டை மெயின் ரோட்டில் விடியும் முன் கம்பெனி பஸ் வரும். ஆள் இல்லையென்றால் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். செல்போன் பாகங்களைச் சோதிக்கும் வேலை அம்மாவுக்கு. ரொம்பப் பிடித்துச் செய்தாள்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் அங்கே மெஷின் பழக்க வந்தாராம். "உங்க வூட்ல தண்ணி யாரு புடிப்பாங்க?" என்று சூப்பர்வைசர் மூலமாக அம்மா கேட்டிருக்கிறாள். அந்தம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. குழாயைத் திருகுவது போலக் கையை ஆட்டிக் காட்டினாராம். இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அம்மா காலிக் குடத்தை எடுத்து வாசலில் வைத்தாள்.

நம் தெருக்குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பஸ் வரும் நேரத்தில்தான் வரும். போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், குடித்தால் பல்லெல்லாம் பழுப்பேறிவிடும். டயர் கடையில் எனக்கு வேலை பொழுது ஏறித்தான். அதனால் நானே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்னங்கண்ணா, சேலையும் கட்டிக்கிட்டு வந்திருக்கலாமுங்களே?"

குழாயடியில் ஒருத்தி கேட்டாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த முறை யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தூக்கத்துல எந்திரிச்சு நைட்டியோட ஓடியாரோம். ஆம்பளை நின்னா எங்க புள்ளைங்க எப்படிங்க குனிஞ்சு புடிக்கும்? இன்னிக்கி நீங்க, நாளைக்கு எவன் வருவானோ."

"அப்ப எங்க குடத்தையும் நீங்களே ரொப்பிடுங்கக்கா."

"எங்க குடம் ரொம்பறதுக்குள்ளயே நின்னுடுதுங்க. அவளை அனுப்புங்க."

அவர் சொன்னதில் என்ன தப்பு? திரும்பி வந்துவிட்டேன்.

கம்பெனிச் சட்டையோடு அம்மா வரிசையில் நின்றாள். ஹாரன் கேட்டது. குழாயடியில் அவள் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. ரோட்டுப் பக்கம் பார்த்தாள். நகரவில்லை. இப்படியே பல நாள். கடைசியில் சூப்பர்வைசர் போன் செய்தார்: "இனிமே வர வேணாம்மா. உன் எடத்துல வேற புள்ளை நிக்குது."

வேறு நாட்டுப் பெண்ணுக்கு உன் அம்மாவைவிடக் கூடுதல் கைத்திறமை ஒன்றும் இல்லை, கண்ணு. அவள் திருகியதும் தண்ணீர் வருகிறது, அவள் பஸ் ஏறிவிடுகிறாள். வேறு காரணங்களும் இருக்கும். நம் வீட்டில் இதுதான்.

இப்போதும் அந்த ஹாரன் கேட்கிறது. தண்ணீர் வருமோ என்று விழித்திருக்கும் அம்மா இருட்டில் சொல்வாள்: "இன்னிக்கி பஸ் லேட்டுங்க."