பின்பக்கமாக ஒரு கையெழுத்து

நெசவாளர் சங்கத்தில் என் பெயரிலேயே எனக்கு ஒரு அட்டை இருந்தது. எங்கள் தெருவில் அப்போது பெண்பிள்ளைக்கென்று தனி அட்டை வேறு யாருக்கும் கிடையாது. அதை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுபோவேன். கிளார்க்கு என்னிடம் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்குவார். சேர்ந்த நாளில் வைத்த ரேகையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் நெய்வதற்குப் பட்டு நூல் எடுத்துக் கொடுப்பார்.

நான்கைந்து வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு புதுக் கிளார்க்கு வந்தார். ஐயம்பேட்டைக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர். அவர் வருவதற்கு முன்னால் யாரோ இன்னொருவர் அட்டையைக் காட்டிப் பட்டு வாங்கிப் போய்விட்டார்களாம். அதனால் மனிதர் ரொம்பக் கண்டிப்பு. என் ரேகையைப் பார்த்தார், பழையதைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இன்னாமா இது, வெறும் மைதான் கீது, ரேகையே காணோம்? யாரோட அட்டை இது?"

"என்னுதுதான் சார். நல்லா அழுத்தி வெக்கறேன், இருங்க."

அழுத்தி வைத்தேன். வழவழவென்று ஒரு கறுப்புப் பொட்டுதான் விழுந்தது. எப்படி விழும்? தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; பழைய பாவு முடிந்ததும் அதன் நுனியோடு புதுப் பாவைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு இழையாகச் சாம்பல் தொட்டுப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கிப் பிணைப்போம். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான இழை. எங்கள் வீட்டில் அது என் வேலை. ரேகையெல்லாம் அந்தச் சாம்பலோடு போய்விட்டது.

"உன் வூட்டுக்காரர இட்டாந்து சாட்சி சொல்லச் சொல்லும்மா."

"என் அட்டைக்கு அவரு எதுக்கு சார் சாட்சி?"

"அப்ப கையெழுத்துப் போடு. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள போடலன்னா இந்த அட்டைய ரத்து பண்ணிடுவேன்."

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லவர். தாளில் என் பெயரை எழுதிக் காட்டினார். எனக்கு எழுத்து பிடிபடவே இல்லை. தறியில் ஒரு பூவை ஒருதரம் பார்த்தால் அப்படியே போட்டுவிடுவேன். தாளில் மட்டும் கோடெல்லாம் எங்கேயோ ஓடிப்போகும்.

"அப்ப பூவாவே போட்டுத் தரேன்மே," என்றார்.

கல்யாணப் புடவை முந்தானையில் பொண்ணு மாப்பிள்ளை பெயரை ஜரிகையில் போடுவது அவருக்குக் கைவந்த வேலை. பாவின் கடைசியில் மிஞ்சிய துண்டில் மிச்ச ஜரிகையை வைத்து என் பெயரைப் போட்டார். "இருமே, ரெண்டு நாள்ல தறியிலேர்ந்து அறுத்துக் குடுக்கறேன்" என்றார். நான் எங்கே இருந்தேன்! அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் சிலேட்டை எடுத்துக்கொண்டு தறி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவர் வரும் சத்தம் கேட்டால் சிலேட்டை அழித்துவிடுவேன். எழுதத் தெரியாமல் தடவுவதை அவர் பார்க்கக் கூடாது என்று எனக்கு அத்தனை ரோஷம். வியாழக்கிழமைக்குள் தூக்கத்தில்கூட என் பெயர் வந்தது.

வெள்ளிக்கிழமை கிளார்க்கின் முன்னால் ஒரே மூச்சில் போட்டேன். அவர் தாளைத் திருப்பினார், சாய்த்தார். கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பின்புறமாகப் பார்த்தார்.

"இன்னாமா, பேரு தாளுக்குப் பின்னால இருந்து வருது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம்; அதில் எழுத்து இடவலம் மாறித்தான் தெரியும். நான் பார்த்துப் பழகியதும் அதைத்தான். காதெல்லாம் சுட்டது.

"கிழிச்சிப் போடுங்க சார். நேரா எழுதக் கத்துக்கினு வரேன்."

"இரு இரு. இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். இன்னொரு தரம் என்றார். ஐந்து தரம் போட்டேன். ஐந்தையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இழைக்கு இழை ஒன்றாக இருந்தது.

"காஞ்சிபுரம் பூரா தேடினாலும் இத இன்னொருத்தர் போட முடியாது. இதாம்மா உன் கையெழுத்து. நேரா எழுதிக்கினு வந்தியோ, பட்டு கெடயாது, ஆமா!"

பட்டை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் தறிக்குழியில் இருந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அறுத்துக் குடுக்கறேன்னு சொன்னேனா இல்லியா?" என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டார். பெயர் போட்ட அந்தத் துண்டை மட்டும் அறுத்து, யாருக்கும் தராமல் என் பெட்டியில் வைத்தார்.

நேராக எழுத அப்புறம் கற்றுக்கொண்டேன். இதைக்கூட நேராகத்தான் எழுதுகிறேன். ஆனால் சங்கத்தில் கடைசிவரை பின்பக்கமாகவே போட்டேன். அந்தக் கிளார்க்கு வேலையை விட்டுப் போகும் நாளில் அடுத்து வந்தவரிடம் என் தாளைக் கொடுத்து, "இந்த அம்மா போட்டா வெளிச்சத்துல புடிச்சிப் பாருபா. நேரா இருந்துச்சின்னா அது வேற யாரோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.