மழை தெரியுதா?

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும் ஃபெரியில் தினமும் ஒரு பெரியவரைப் பார்ப்பேன். எதிரே தீவில் நிற்கும் கொடிமலையைப் பார்த்தபடி, நாக்கை மடித்து மடித்து, "மழை, மலை" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார். ஒருநாள் ஏனென்று கேட்டுவிட்டேன்.

"மக பைலட்டுக்குப் படிச்சுச்சு தம்பி. மொத தடவ தனியா அலோர் ஸ்டார் வரைக்கும் ஓட்டிப் போச்சு. திரும்பறதுக்கு முன்ன போன் போட்டு, 'அப்பா, அங்க மழை தெரியுதா'ன்னு கேட்டுச்சு. நம்ம பேச்சுல ரெண்டும் ஒண்ணுதானலா? என் காதுல மலைன்னு விழுந்துச்சு. மலைய மேகம் மூடிக் கெடந்துச்சு. 'தெரியலம்மா'ன்னேன். மழை இல்லன்னு நெனச்சுக் கெளம்பிடுச்சு. வந்து சேரல."

அவர் மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தார். நானும் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். என் வாயிலும் இரண்டும் ஒன்றாகவே வந்தன.