வடைக்குத்தான் வந்தது

லேப்ரடார் நாய்க்கு வயிறு நிறைந்துவிட்டது என்பதே தெரியாது என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில்தான் எங்கள் வீட்டு நாய், நான் ஊறப்போட்டிருந்த உளுந்து முழுவதையும் தின்று, தண்ணீரையும் குடித்துவிட்டுப் பாத்திரத்தை அடுக்களை முழுக்க உருட்டிக்கொண்டு திரிந்திருந்தது.

சேரன்மகாதேவியில் நானும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் பள்ளிக்கூட ஆசிரியை. அவன் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு, அவை இங்கே வேண்டாம். அவனுடைய நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பியபோது அந்த நாயை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டி வர நானும் போயிருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அது வாடகைக் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தம்பியின் கையில் இருந்த முறுக்கைத் தின்றது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சந்தன நிறம். அகலமான தலை. எந்நேரமும் யாரையோ பார்த்துச் சந்தோஷப்படுகிற முகம். நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள், ஆனால் தம்பி கூப்பிட்டதெல்லாம் 'ஏலே' என்றுதான். எங்கள் வீட்டில் மீன், முட்டை கிடையாது. அதற்குத் தயிர்ச்சோறு, வெள்ளரிக்காய், வேகவைத்த பூசணி. அது போதாது என்று தம்பிக்குத் தோன்றியது. உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளிடம் சாளை வாங்கி, பின்கட்டில் மூன்று கல் வைத்து, தனிச் சட்டியில் அவித்துக் கொடுப்பான். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். வாசனை மட்டும் வரும்.

அது மெல்லவே மெல்லாது. வைத்த சோறு மூச்சு விடுவதற்குள் உள்ளே போய்விடும், சில சமயம் அப்படியே வெளியேயும் வந்துவிடும். வந்ததையும் தின்னும். தம்பி ஆற்றிலிருந்து பெரிய கூழாங்கல் ஒன்றை எடுத்துவந்து சட்டியின் நடுவில் வைத்தான். கல்லைச் சுற்றிச் சுற்றி நக்கித் தின்னவேண்டி வந்ததால் கொஞ்சம் பைய தின்றது. அது தின்னாதது இல்லை: பலாச்சக்கை, முருங்கைத் தோல், சோப்பு, என் செருப்பு வார், கோயிலில் கொடுத்த வாழைப்பழம் தோலோடு. யாரையும் கடித்ததில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட ஊர்வலம் மாதிரி வரவேற்று உள்ளே அழைத்து வரும்.

தினமும் காலையில் தம்பி அதைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரை வழியாக நடப்பான். கரை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. தம்பிக்கு ஒரு டீ, அதற்கு ஒரு பருப்பு வடை. நாய்க்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் வடை விஷயத்தை அவரிடம் சொல்லமாட்டான்.

அது கார்த்திகை மாதம். முந்தின நாள் மழை பெய்து, நடவு முடிந்த வயலெல்லாம் தண்ணீர் நின்றது. நான் பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது டீக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். கூட இன்னும் இரண்டு பேர். அவர் பக்கத்தில் நாய், வாலை ஆட்டிக்கொண்டு.

"டீச்சர், பதறாதீங்க. தம்பி கரையில விழுந்து கிடந்தாக. ஆட்டோவில ஏத்தியாச்சு. நீங்க வாங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர், வரும்போதே உயிர் இல்லை என்றார். மாரடைப்பு, விழுந்த உடனேயே போயிருக்கும், பக்கத்தில் ஆள் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். நான் சரி என்றேன். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தோமா, அணைத்தோமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை டீக்கடைக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னார். மருத மரத்தடியில் தம்பி விழுந்திருக்கிறான். நாய் கழுத்து வாரை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தம்பி பின்னால் வருகிறான் என்று நினைத்து இவர் வடையைப் போட்டிருக்கிறார். அது தின்றுவிட்டு இன்னொன்றுக்குப் பார்த்திருக்கிறது. டீயை ஆற்றி வைத்தும் ஆள் வராததால் சந்தேகப்பட்டு, கரையில் நடந்துபோய்ப் பார்த்திருக்கிறார். எல்லாம் கேட்டேன். புரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வீடு நிறைய ஆட்கள். ஏரலிலிருந்து சித்தி வந்துவிட்டாள். அம்மாவின் தங்கை, எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே பெரியவள். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் நாய் வாசலுக்கே போய் அழைத்து வந்தது. இத்தனை விருந்தாளிகளை அது ஒரே நாளில் பார்த்ததில்லை. கழற்றிப் போட்ட செருப்புகளில் ஒன்றைக் கவ்விக்கொண்டு, அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் போய் ஆளாளுக்குக் காட்டியது. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, அழுதுவிடுங்கள், அழுதுவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் மடியில் யாருடைய செருப்போ கிடந்தது.

"ஏட்டி, அதைக் கட்டிப் போடேன். பாக்க நல்லாவா இருக்கு?" என்றாள் சித்தி.

பின்கட்டில் கட்டினேன். தம்பியை எடுத்துக்கொண்டு போன பிறகு எதிர்வீட்டிலிருந்து சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தார்கள். அப்போது பின்கட்டிலிருந்து நீளமாக ஓர் ஊளை வந்தது. நின்று, மறுபடியும் வந்தது. கூடத்தில் பெண்கள் எல்லோரும் அடங்கிப் போனார்கள். எசமானை நினைத்து அழுகிறது, வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற பாசத்தைப் பாருங்கள் என்று ஒருத்தி சொன்னாள். ஓய்ந்திருந்த அழுகை மறுபடியும் ஆரம்பித்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ரசத்தின் வாசனை காற்றில் போனால் அது அப்படித்தான் கூப்பிடும். நான் எழுந்துபோய், ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்தேன். ஊளை நின்றது. தட்டு தரையில் உரசுகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. 

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். சித்தி மட்டும் கொஞ்ச நாள் இருந்தாள். எசமான் செத்தால் நாய் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இது மூன்று வேளையும் தின்றதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சாப்பிடும்போது தட்டை நகர்த்திக்கொண்டு போய் அதற்கு முதுகு காட்டி உட்காருவாள். அது சுற்றிவந்து எதிரே உட்காரும். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "இதுக்கு அவன் இல்லேன்னு தெரியுதா, இல்லையா?"

"தெரியல சித்தி," என்றேன். எதைத் தெரியவில்லை என்று சொன்னேன் என்று அவளும் கேட்கவில்லை.

அவள் ஊருக்குப் போன மறுநாள் அதை நடக்கக் கூட்டிப் போனேன். வேறு யாரும் இல்லை, நான்தான் போகவேண்டும். வாய்க்கால் கரைக்கு வந்ததும் அது என்னை இழுத்துக்கொண்டு போனது. மருத மரத்தடி வந்தபோது நான் நின்றேன். நிற்க நினைத்து நிற்கவில்லை, கால் நின்றுவிட்டது. ஈர மண், கொஞ்சம் சருகு, ஒரு பிளாஸ்டிக் தம்ளர். அது அந்த இடத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. வாரை விறைப்பாக இழுத்துக்கொண்டு, மூச்சு இரைக்க, கடைப் பக்கம் பார்த்து நின்றது. நானும் போனேன். டீக்கடைக்காரர் எனக்கு ஒரு டீயும் அதற்கு ஒரு வடையும் கொடுத்தார். பிறகு தினமும் போனோம்.

இதற்குள் கதை ஊரில் வேறாக ஆகியிருந்தது. பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. நாய் ஓடிப்போய்க் கடைக்காரரின் வேட்டியைப் பல்லால் பிடித்து இழுத்ததாம். வடை போட்டும் தொடவில்லையாம். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியதாம். கேட்டவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கதை யாருடையதோ மாதிரி இருந்தது.

கோடை விடுமுறையில் ஒரு காலை, கடையில் வெளியூர்க்காரர் ஒருவர் நாயைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேட்டி, கண்ணீர், எல்லாம். அவர் பொய் சொல்லுகிறவர் அல்ல. பலதடவை சொல்லி, அவருக்கே அப்படித்தான் நடந்ததாக ஆகியிருக்க வேண்டும். வெளியூர்க்காரர் போன பிறகு தம்ளரைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"நான் சொல்லுதது உங்களுக்குச் சங்கடமா இருக்கா டீச்சர்?"

"அது வடைக்குத்தான் வந்துச்சு அண்ணாச்சி," என்றேன்.

அவர் கை நின்றது.

"வடைக்கு வந்துச்சு. அதனாலதான் நீங்க போய்ப் பாத்தீங்க. இல்லேன்னா அவன் அங்கன எவ்வளவு நேரம் கிடந்திருப்பானோ. எனக்கு அது போதும்."

அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, ஆமா, அன்னைக்கு ரெண்டாவது வடையும் நான்தான் போட்டேன், போட்டுட்டுத்தான் போனேன் என்றார். அவர் முகம் அழுகிற முகமாக ஆகிவிட்டது. நான் டீயைக் குடித்து முடித்தேன். சூடாக இருந்தது என்று நினைவிருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து அழுவேனோ என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. துணி துவைத்தேன்.

அதன் பிறகு நாய் மிகவும் பருத்துப் போய், மாடிப் படியில் பாதியில் நின்றது. மருத்துவர் சோற்றைப் பாதியாக்கச் சொன்னார். இந்த முறை வடையைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைக்காரரிடம் சொல்லி வடைக்குப் பதில் வெள்ளரிக்காய்த் துண்டுகளை வீட்டிலிருந்தே கொண்டுபோக ஆரம்பித்தேன். அதற்கு வித்தியாசம் தெரிந்த மாதிரி இல்லை. மீன்கார அம்மாள் வந்தால் சாளை வாங்குகிறேன். பின்கட்டில் நானே அவிக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவிக்கக் கற்றுக்கொண்டேன்.

இந்த வருஷம் மழை அதிகம். வாய்க்கால் கரை உடைந்து, அந்த வழியை அடைத்துவிட்டார்கள். நாங்கள் இப்போது ரயில் நிலையத்துப் பக்கம் நடக்கிறோம். ஒரு வாரத்துக்குள் அது அந்தத் தெருவில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது. யாரோ ஒருநாள் பிஸ்கட் போட்டிருக்க வேண்டும். பச்சைக் கேட், வாசலில் செம்பருத்தி. அங்கே வந்ததும் உட்கார்ந்துவிடுகிறது, எவ்வளவு இழுத்தாலும் எழுந்திருப்பதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும். கதவு திறக்கிறவரைக்கும் நானும் நின்றுகொண்டிருக்கிறேன்.