குளிர் விடாத டேப்

ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே ஒரு கண்ணாடி அறை உண்டு. அங்கே வேலை பார்க்கிறவளை எல்லாரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளின் பழைய ஸ்கேன் படங்கள் உள்ளங்கையளவு டேப்புகளில் பதிந்து, ஆளுயர அலமாரிக்குள் வரிசையாக இருக்கும். கம்ப்யூட்டரில் கேட்டால் உள்ளே ஓர் இரும்புக் கை நகர்ந்துபோய், வேண்டிய டேப்பை எடுத்துப் படிக்கிற பெட்டிக்குள் செருகும். அந்தக் கைக்கு அறைக்காரர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. சின்னக் குறை என்றாலும் முறுக்கிக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும். தாஜா பண்ணித்தான் நகர்த்த வேண்டும்.

ரொம்பப் பழைய டேப்புகள் ஊருக்கு வெளியே குளிர் கிடங்கில் இருந்தன. அங்கிருந்து வருகிற டேப்பை வந்த கையோடு உள்ளே போடக்கூடாது. ஒரு நாள் முழுக்க மேசைமேல் கிடந்து அறையின் வெப்பத்துக்குப் பழக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் பூத்து டேப் ஒட்டிக்கொள்ளும். அவசரப்படுத்துகிற டாக்டர்களிடமெல்லாம் டேப்பக்கா இதைச் சொல்லி நிறுத்தி வைப்பாள். யார் வந்து கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்.

அவளுடைய நாத்தனாருக்கு, தையற்காரிக்கு, நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. சில வருஷத்துக்கு முன்னால் அவள் பஸ்ஸிலிருந்து விழுந்தபோது இதே ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அதிலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால் அது பழைய தழும்பு, கத்தி வேண்டாம். இல்லையென்றால் அறுத்தே ஆகவேண்டும். அந்தப் படத்தைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்றுவிட்டார் ஆபரேஷன் டாக்டர்.

கிடங்கு வண்டி வந்தது. டேப்பைக் கையில் வாங்கினபோது சில்லென்று இருந்தது. டேப்பக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற நாத்தனாரின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று உள்ளே போட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை ஒழுங்காகத்தான் எடுத்துச் செருகினார். பெட்டி கொஞ்சம் முனகியது, நின்றது. படிக்க முடியவில்லை என்று திரையில் சிவப்பாக வந்தது. பெட்டியில் தூசி இருக்கும் என்று துடைக்கிற டேப்பை ஓட்டினாள். மறுபடியும் அதே சிவப்பு. மிஷின் கம்பெனி இஞ்சினியருக்குப் போன் போட்டாள். அவர் வேறொரு டேப்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது தடங்கலில்லாமல் படித்தது. அப்படியானால் பெட்டியில் கோளாறில்லை, டேப்பில்தான் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, அந்த டேப் கிடங்குலேருந்து எப்ப வந்துச்சு?”

“இப்பத்தான்” என்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. இனி அதை ஓட்டிப் பார்க்காதீர்கள், வெளியே எடுத்து வைத்துக் காயவிடுங்கள், இழுத்ததில் அறுந்திருந்தால் நம் கையில் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

டாக்டரிடம் போய் ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கினாள். வார்டுக்குப் போகத்தான் கால் எழவில்லை. இருந்தாலும் போய், நடந்ததை ஒளிக்காமல் நாத்தனாரிடம் சொன்னாள். உன் படத்தை நானே பாழாக்கியிருப்பேன் என்றும் சொன்னாள்.

தையற்காரி சுவரிலிருந்து அவள் பக்கம் திரும்பினாள். “நீங்க கல்யாணம் ஆகி வந்த நாளா சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னு கத்தறேன். ஒரு விசேஷத்துக்காவது நேரத்தோட கிளம்பியிருக்கீங்களா அண்ணி? இன்னைக்குத்தானா உங்களுக்கு அது காதுல விழுந்துச்சு?”

சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்தவளைக் கட்டிலில் உட்காரச் சொல்லி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மறுநாள் முழுக்க டேப் மேசைமேல் கிடந்தது. டேப்பக்கா அதன் பக்கத்திலேயே இருந்தாள். வேலைக்கு நடுவே உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அது படித்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனசு தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டது.

சாயங்காலம் போட்டாள். பெட்டி முனகவில்லை. படம் முழுசாக வந்தது. டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படத்தில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. நிழலே இல்லை; இது புதிதாக வந்தது.

கேட்டது கிடைத்துவிட்டது. அதில் நிழலும் இருக்கட்டும் என்று சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

அவளேதான் போய்ச் சொன்னாள். தையற்காரி அழவில்லை. “அறுக்கணுமா?” என்றாள். “அறுக்கணும்மா” என்றாள் டேப்பக்கா. “சரி. இருக்கா இல்லையான்னு தவிச்சிட்டுக் கிடக்கறதுக்கு இது தேவலை. ஆபரேஷன் ரூம் கதவு வரைக்கும் வருவீங்கல்ல?”

காலையில் கதவு வரைக்கும் போனாள். தோட்டைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டுத் தையற்காரி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. இந்தத் தடவை என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று டேப்பக்காவுக்குத் தெரியவில்லை. தோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆண்டவனிடம் நாத்தனாரின் பேரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.