தூர் வாரிய கிணறும் நொண்டித் தவளையும்

கிணறு தூர் வாருகிறவனுக்குச் சேறு ஒரு கஷ்டமே இல்லை. மேலே நின்று எட்டிப் பார்த்து யோசனை சொல்கிறவர்கள்தான் கஷ்டம். இந்தத் தொழிலில் முதுகு ஒடிந்தவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்வீர்கள்.

முதலில் தவளை

நான் திருவண்ணாமலையில் கிணறு இறங்கியது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரை இறைத்ததும் உள்ளே இருக்கிற தவளைகளைப் பிடித்துப் பானையில் விட்டு, ஈரச் சாக்கால் மூடி வாசல் நிழலில் வைப்போம். புது ஊற்று வந்ததும் திரும்ப விடுவோம். தண்ணீரில் புழு பூச்சியைத் தின்ன ஆள் வேண்டாமா?

கோயில் குருக்கள் வீட்டு அம்மாள் இதில் ரொம்பக் கண்டிப்பு. அவர்கள் கிணற்றில் பின்னங்கால் ஒன்று இல்லாத பெரிய தவளை இருந்தது. நான் இறங்கும்போதெல்லாம் சொல்வார்: "நீ ஏறி வரது அப்புறம், முதல்ல நொண்டிய ஜாக்கிரதையா மேல ஏத்துப்பா."

கால் வியாபாரி

ஒரு வருஷம் தவளைக்கால் வாங்க ஒருவன் வந்தான். கால்கள் சாப்பாட்டுக்காகக் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறதாம். ஜனங்கள் தவளையைப் பிடித்துப் பானையில் மூடி வாசலில் வைப்பார்கள். அவன் ஆள் வண்டியோடு வந்து எடுத்துப்போவான். கீழ்பென்னாத்தூர் ஏரிவரை வழித்துவிட்டான். மழை பெய்தாலும் ஒரு கத்தல் இல்லை. பயிரில் பூச்சி ஜாஸ்தியாயிற்று.

"கொஞ்சமாவது விட்டு வையிய்யா" என்று டீக்கடையில் அவனிடம் கேட்டேன். எல்லார் எதிரிலும் சொன்னான்: "சேத்துல கெடக்கறவனுக்குத் தவள சொந்தக்காரன், வலிக்காதா பின்ன!"

அவன் முகம் மறந்துவிட்டது. சிரித்த பல் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வாசலில் வைத்த பானை

அந்தக் கோடையில் குருக்கள் வீட்டுக் கிணற்றில் இறங்கினேன். ஏறி வந்தால் வாசலில் பானையைக் காணோம். மூடிய பானை என்றால் விற்கத்தான் என்று வண்டிக்காரன் ஏற்றிப்போயிருக்கிறான். அம்மாள் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேறு தவளை தேடினால், தெருவில் எந்தக் கிணற்றிலும் மிச்சமில்லை.

சேற்று உடம்போடு ரயிலடிக்கு ஓடினேன். சரக்கு ஏறிவிட்டது. என் பானை மட்டும் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தினேன். நொண்டி! வியாபாரி சிரித்தான்: "ஒத்தக் கால வச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீயே எடுத்துனு போ!"

செம்பில் தலைப்பிரட்டை

நொண்டியைத் திரும்ப விட்ட அந்தக் கிணற்றில் முதல் மழைக்கு ஒரு கத்தல் கேட்டது. நொண்டி பெண், கத்தாது; கல் இடுக்கில் என் கண்ணுக்குத் தப்பிய ஆண் ஒன்று இருந்திருக்கிறது. கொஞ்ச நாளில் தண்ணீரெல்லாம் தலைப்பிரட்டை. அம்மாள் செம்பு செம்பாக மொண்டு தெருவுக்கெல்லாம் கொடுத்தார்.

கடைசியில் அந்த வியாபாரியும் செம்போடு வந்து நின்றான். வாடகை வீட்டுக் கிணற்றில் புழு நெளிகிறதாம். நான் வாயைத் திறக்கும் முன் அம்மாள் சொன்னார்: "உனக்குக் கிடையாதுப்பா, இதுக்கெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்ல கால் மொளைச்சுடும்."

இல்லாத ஒரு கால் எங்கள் தெருத் தவளைகளைக் காப்பாற்றியது என்னவோ வாஸ்தவம்தான். அதற்காக அந்த வியாபாரியை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.