கதவில் பதிந்த சன்ஸ்கிரீன்: வெயில் ஆகாத ஒருத்தியின் பள்ளங்கிப் பயணம்

ஜனவரி கடைசி வாரத்தில் நானும் என் கணவரும் மதுரையிலிருந்து பள்ளங்கிக்குப் போய் ஒரு நாள் தங்கிவிட்டு வந்தோம். கொடைக்கானலைத் தாண்டி இருக்கும் விவசாய ஊர் அது. இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்பீர்கள். எனக்கு லூபஸ் என்ற நோய் இருக்கிறது. வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடிக்கும், பின்னாலேயே மூட்டுவலியும் காய்ச்சலும் வரிசைகட்டி வரும். ஒன்றரை வருடமாகப் பகலில் நான் பார்த்ததெல்லாம் வீட்டுத் திரைச்சீலையும் ஆஸ்பத்திரி வராந்தாவும்தான்.

"போய்ட்டு வாங்க. ஆனா சன்ஸ்கிரீன் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசணும். காருக்குள்ள உக்காந்திருந்தாலும் விடக்கூடாது, கதவுக் கண்ணாடி வெயில முழுசாத் தடுக்காது" என்றார் டாக்டர். நான் மனதுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். முகம் பழுதில்லாமல் திரும்பினால் இனிப் பகலில் ஊர் சுற்றலாம். இல்லையென்றால் இதுவே கடைசி, திரைச்சீலையே கதி. யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

இனி காரைப் பற்றி. என் கணவருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. விற்கிற குடத்தில் விரல் ரேகை பட்டால்கூட மனசு கேட்காது, துண்டால் துடைத்துத்தான் கொடுப்பார். வீட்டில் சில தட்டுகளில் இன்னும் ஸ்டிக்கர் இருக்கிறது. அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கார் வாங்கினார், உள்ளே முழுக்கச் சந்தன நிறம். வாங்கி எட்டு மாதமாகியும் சீட்டிலும் கதவிலும் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அசைந்து உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும். சிரிக்காதீர்கள், உங்கள் தெருவிலும் இப்படி நாலு கார் நிற்கும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வத்தலக்குண்டு அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஏழு மணிக்குள் போய்விட்டோம். இட்லி, காபி முடித்து மேசையிலேயே கண்ணாடி பார்த்துக் கிரீம் பூசினேன். கையில் ஈரம் காயாமலே காரில் ஏறிக் கதவைப் பிடித்து இழுத்துச் சாத்தினேன். கதவு உறைமேல் என் கை வெள்ளையாகப் பதிந்துவிட்டது. இவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமே. கைக்குட்டையை எடுத்து, என் மடிக்குக் குறுக்கே எட்டி, துளி விடாமல் துடைத்தார். அந்தத் துடைப்பு என்னைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் நான் கதவுப் பிடியைத்தான் பிடிப்பேன், வேறு எதைப் பிடிப்பது? ஒவ்வொரு வளைவிலும் ஒரு தடம். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கைக்குட்டை. கிரீம் என்றில்லை, தலையெண்ணெயாகட்டும் கைக்குப் போடும் லோஷனாகட்டும், இவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்த்த தம்பி உள்ளே எட்டிப் பார்த்து, "பிளாஸ்டிக் பாட்டில் எதுவும் இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் சீட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "பாட்டிலு இல்ல, சரி. காரே பிளாஸ்டிக்காத்தான கெடக்கு" என்றார். நான் சிரித்தேன். இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

பெருமாள்மலையில் டீ குடித்தபோது மணி ஒன்பது, அடுத்த பூச்சுக்கு நேரம். டியூபை எடுத்தேன். கார்க் கண்ணாடி வழியாக அந்தச் சந்தன நிறம் தெரிந்தது. ஒன்றரை வருடமாக இந்த மனுஷன் கடையையும் பார்த்து, என்னையும் தூக்கிச் சுமந்து, தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒரு பொருள்தான். அதையும் நான் நாசமாக்க வேண்டுமா? டியூபைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன். பதினோரு மணிக்கும் அப்படியே. மலையில் குளிர்தானே, என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மலை வெயிலின் குளிர்ச்சியை நம்பாதீர்கள், அது சிரித்துக்கொண்டே சுடும்.

கொடைக்கானல் ஊருக்குள் சாமான் வாங்கிக்கொண்டு, வில்பட்டி வழியாகப் பள்ளங்கி போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. படிப்படியாக இறங்கும் கேரட், பூண்டு வயல்கள். தங்கியது ஸ்டெல்லா என்பவர் வீட்டு மாடி அறை, சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு. ஸ்கூல் ஹாஸ்டலில் வேலை பார்த்துக்கொண்டே அறையும் வாடகைக்கு விடுகிறார். நான் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டுதான் இறங்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

"என்னக்கா, முகம் இப்படிச் செவந்து கெடக்கு?" என்றார் ஸ்டெல்லா.

பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த இவர் நின்றுவிட்டார். முந்தானையை விலக்கிப் பார்த்தார். "பிரேமா, மருந்து பூசுனியா இல்லையா?"

"வத்தலக்குண்டுல பூசுனதுதான்."

"ஏன்?"

"நீங்க துடைச்சுக்கிட்டே வந்தீங்கள்ல. கார் பாழாகுதேன்னு விட்டுட்டேன்."

விடுவிடுவென்று வெளியே போனார். கோபம் என்று நினைத்தேன். ஸ்டெல்லா குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்துக் கொடுத்தார். கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் சர்ர்ரென்று கிழிபடும் சத்தம். போய்ப் பார்த்தால் இவர் காரின் உறைகளை இழுத்து இழுத்துக் கிழித்துக்கொண்டிருக்கிறார். கடைசியாக என் பக்கத்துக் கதவு. பிடி அருகே உறை எப்போதோ கிழிந்திருக்கிறது. எட்டு மாத ஆஸ்பத்திரிப் பயணத்தில் என் கைக் கிரீம் அந்த வழியாக உள்ளே போய், காற்றும் துணியும் படாமல், வெயிலில் வெந்திருக்கிறது. நான்கு விரல், வெள்ளையாக, தொட்டால் பிசுபிசுவென்று, கதவிலேயே இறங்கிப்போயிருந்தது. இவர் துடைத்ததெல்லாம் உறையை. கதவைக் கெடுத்தது அந்த உறைதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "போச்சு. உங்க ஆசைக் கார்."

அவர் அந்த நான்கு விரல் தடத்தையும் தடவிப் பார்த்தார். "நெளிஞ்ச குடத்த எடைக்குப் போட்டுட்டு வேற குடம் எடுத்துக்கலாம். உன் மூஞ்சிய நான் எந்தக் கடையில போய் எடுக்க?" என்றார். முப்பது வருடக் குடித்தனத்தில் இவ்வளவு நீளமாக இவர் என்னைக் கொஞ்சியதில்லை.

அன்று முழுக்க ஜன்னலைச் சாத்தி அறைக்குள்ளேயே இருந்தேன். டாக்டருக்குப் போன் செய்தோம், அவர் சொன்ன மாத்திரையைப் போட்டேன். காய்ச்சல் வருமோ என்று இவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வரவில்லை. காலையில் கன்னத்தின் தடிப்பு பாதிக்குமேல் வடிந்திருந்தது. ஆனால் எனக்குத் தைரியம் போய்விட்டது. "நாளைக்கு வெள்ளனே, விடியறதுக்கு முன்னாடியே இறங்கிருவோம்ங்க" என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. எழுப்பினால், "என்ன அவசரச் சோலி? பத்து மணிக்குப் போவோம்" என்று புரண்டு படுத்துக்கொண்டார்.

என்னைப் போலக் கிரீமும் லோஷனும் இல்லாமல் முடியாதவர்கள் காரில் கிளம்பும்போது, பட்டுத் தெரிந்துகொண்டதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூசியதும் காரில் ஏறாதீர்கள். கால் மணி நேரம் பொறுத்து, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஏறுங்கள். கை வைக்கும் இடத்திலும் தலை சாயும் இடத்திலும் பருத்தித் துண்டு போடுங்கள், வாராவாரம் துவைக்கலாம். (ஸ்டெல்லா இரண்டு பழைய துண்டு கொடுத்தார், "வெரசாத் துடைச்சாப் போயிரும்க்கா, ஊற விட்டா அவ்வளவுதான்" என்று சொல்லி.) தடம் விழுந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்புக் கலந்து மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பெயிண்டில் கலக்கும் தின்னர், பாத்திரம் தேய்க்கும் நார் பக்கம் போகவே வேண்டாம். வண்டியை நிழலில் நிறுத்துங்கள், வெயிலில் வெந்தால்தான் கறை உள்ளே இறங்குகிறது. அந்தப் பிளாஸ்டிக் உறையை வாங்கிய அன்றைக்கே கிழித்துப் போடுங்கள். என்ன செய்தாலும் ஒரு கறை விழத்தான் செய்யும், விழட்டும். சுவர் இருந்தால்தானே சித்திரம்.

பத்து மணிக்கு நல்ல வெயில். முகத்துக்கும் கைக்கும் நானே பூசிக்கொண்டேன். பின்கழுத்துக்கு எனக்கு எட்டாது. இவர் டியூபை வாங்கி, குடத்துக்கு மெருகு பார்க்கிறவர் போல ஒரு இடம் விடாமல் தடவிவிட்டார். பிறகு அதே கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியை எடுத்தார். முதல் வளைவு திரும்பியதும் பார்த்தேன், ஸ்டியரிங் முழுக்க வெள்ளை வெள்ளையாக அவர் விரல்கள். நான் பதறித் துண்டை எடுத்தேன்.

"அத வீட்டுக்குப் போய்த் துடைச்சுக்கலாம்" என்றார். "நீ வெளிய பாரு."