நேர்ந்துகொண்ட முடி

பெற்ற மகள் மீது ஒரு தாய் பொறாமைப்படுவாளா? நான் பட்டேன்.

டைபாய்டு காய்ச்சலில் பிழைத்தெழுந்த பிறகு என் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மலைக்கோட்டைக் கடைவீதியில் வாங்கிய சவுரியை வைத்துக் கட்டக்கூட முடி மிஞ்சவில்லை. பதினாறு வயது மகளுக்கோ பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது.

ஒருநாள் ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறையில் அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா, உங்க முடியையும் சேத்து இவளே வளத்துக்கிட்டாளா?" என்றாள். படித்துறையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "சின்ன வயசுல உனக்கு அம்மை போட்டப்ப சமயபுரத்தாளுக்கு உன் முடியை நேர்ந்துக்கிட்டேன். இன்னும் செலுத்தலை. ஞாயித்துக்கிழமை போவோம்" என்றேன். அப்படி எதையும் நான் நேர்ந்துகொண்டதே இல்லை.

அழுவாள், கெஞ்சுவாள் என்று காத்திருந்தேன். அவள் பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ காய்ச்சல்ல கிடந்தப்ப நானும் இதைத்தான் நேர்ந்துக்கிட்டேம்மா. அப்புறம் குடுக்க மனசு வரலை, சொல்லாம இருந்துட்டேன். அதனாலதான் உனக்கு இப்படிக் கொட்டுதோ?" என்று விசும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிச் சமயபுரம் போனோம். அவளை முந்திக்கொண்டு நான் நாவிதர் முன்னால் உட்கார்ந்தேன்.

"உனக்கு என்னம்மா வேண்டுதல்?" என்று மகள் பதறினாள்.

இப்போது இருவருக்கும் முடி வளரத் தொடங்கியிருக்கிறது. அவளுக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றித் தேய்க்கிறேனே தவிர, வாய் வருவதில்லை.